பின்படிக்கட்டில் நின்ற பையன்

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உடம்பு மட்டும் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. இண்டூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போதே கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறேன், வளைவு வரப்போகிற மாதிரி. சமையல்கட்டுக்குள் நுழைந்தால் ஒரு கை தானாக மேலே போய்க் கம்பியைத் தேடுகிறது. "கம்பி இல்லீங்க, விழுந்துராதீங்க" என்று என் மனைவி சிரிக்காமல் சொல்வாள். விடியற்காலையில் விழிப்பு வந்ததும் எங்கே இருக்கிறேன் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் சித்தேரி மலையில் இருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனி நிற்கும், சீட்டெல்லாம் ஈரமாக இருக்கும், யாரோ மூட்டையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் தலைக்கு மேல் மின்விசிறி கண்ணில் படும். ஏமாற்றமாகத்தான் இருக்கும், மறைப்பானேன்.

போன மாதம் பிரபு போன் செய்தான். என்னிடம் வேலை பழகிய கண்டக்டர். இப்போது பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓடுகிறான். அவன் வண்டியில் வரும் ஒரு பள்ளி மாணவனைப் பெரிய பையன்கள் சிலர் தினமும் படுத்தி எடுக்கிறார்களாம். வண்டிக்குள் உதவி எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். "போன் போட்டுச் சொல்றது ஒண்ணும் கஷ்டமில்லண்ணே. சொன்னதுக்கப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆவும்னுதான் பயமா இருக்குது" என்றான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. யாரிடம் சொல்வது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. அன்றைக்கு ஏதோ நாலு வார்த்தை சொல்லி வைத்தேன். அது போதாது என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. தோல் பை, டிக்கெட் கட்டு, விசில் மூன்றையும் கொடுத்து ஒரு மூத்த கண்டக்டரின் பின்னால் நிற்க வைத்தார்கள். சில்லறையைக் கையில்தான் கொடுக்க வேண்டும், சீட்டில் போடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். தூங்குகிறவரின் தோளைத் தொடாதே, அவர் முன்னால் இருக்கும் கம்பியைத் தட்டு என்றார். அதன் பிறகு வழித்தடங்கள் மாறின, டிக்கெட் கிழிப்பது போய் மிஷின் வந்தது, தலைமுடி போனது. தொழில் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொண்டதுதான் நீண்ட கதை. அதற்குச் சண்முகம் சார் வர வேண்டும்.

சண்முகம் சார் எங்கள் கிளை மேலாளர். அவர் அறை டீசல் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே போனால் தலை லேசாகக் கிறுகிறுக்கும். யார் எதைச் சொல்ல வந்தாலும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் தூங்கிவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு. ஒருமுறை என் வண்டியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் முதலில் கை வைத்தது என்று ஆவேசமாகச் சொன்னேன், எல்லாரும் பார்த்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே, "எல்லாரையும் நான் கேட்டுக்கறேன். அப்ப நீ எங்க நின்னுக்கிட்டிருந்த?" என்றார். முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். சண்டை கடைசி சீட்டில். "அப்ப நீ பாத்தது நாலு பேரோட முதுகு" என்றார்.

திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கண்ணால் பார்த்தது தனி, காதால் கேட்டது தனி. மனசால் நினைத்துக்கொண்டதை மட்டும், "அத நீ வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு" என்பார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் என்ன கோர்ட்டா நடத்துகிறார் என்று வெளியே வந்து முணுமுணுத்தேன். நாலு வருஷம் முணுமுணுத்த பிறகு, நானே வீட்டில் பிள்ளைகளின் சண்டையை அப்படித்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். வண்டியில் தகராறு என்றால் வண்டியை அப்படியே போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு ஓட்டிவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் பணிமனைக் கண்டக்டர் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஒருவன் தன்னைத் தொந்தரவு செய்கிறான் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஸ்டேஷன் வாசலில், வண்டி நிறைய ஆட்கள் எட்டிப் பார்க்க, அந்தப் பெண் தன் பேர், அப்பா பேர், ஊர் பேர் எல்லாம் சொல்ல வேண்டி வந்தது. அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கண்டக்டருக்குப் பணிமனையில் ஒரே பாராட்டு. சண்முகம் சார் மட்டும் ஒரு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப எந்த வண்டில வருது?" என்று கேட்டார். எந்த வண்டியிலும் வரவில்லை. வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தார்.

கடைசி வருஷங்களில் எனக்குச் சித்தேரி மலைக்கு நைட் ஆல்ட்டு வண்டி விழுந்தது. சாயங்காலம் கடைசி நடை மேலே போய் அங்கேயே தங்கிவிட்டு, விடியலில் முதல் நடை கீழே இறங்கும். மலையின் கடைசி ஊரில் நானும் டிரைவர் அருணாசலமும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வோம். அந்த விடியல்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அருணாசலம் என்ஜினைச் சூடாக்குவார், அந்தச் சூடு காலடிக்குப் பரவும், மறுபடி தூக்கம் வரும். பனிக்குள்ளிருந்து முதலில் மூட்டை வரும், அதற்கப்புறம் அதைத் தூக்கியிருக்கும் ஆள் வருவார். சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம். ஏறியதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். வளைவில் வண்டி திரும்பும்போது தூங்குகிற தலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். அத்தனை பேரில் விழித்திருப்பது நானும் அருணாசலமும்தான், சில நாள் எனக்கு அதுவும் சந்தேகமாக இருக்கும்.

அந்த வண்டியில் முதல் ஆளாக ஏறுகிற பையன் மாதேஷ். ஒன்பதாம் வகுப்பு. மலையிலிருந்து இறங்கிக் கீழே மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறவன். ஏறியதும் பையைத் திறந்து, பின்பக்க சீட்டுகளில் ஒன்றில் நோட்டு, ஒன்றில் சாப்பாட்டு டப்பா, ஒன்றில் துண்டு என்று வைத்துக்கொண்டே வருவான். நம் ஊர்ப் பக்கம் சீட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் அது பத்திரம் பதிந்த மாதிரிதான், வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மூட்டையோடு ஏறுகிற பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள், சீட்டில் நோட்டு உட்கார்ந்து வரும். பையனைத் திட்டாத ஆள் கிடையாது. அவன் பதில் சொல்ல மாட்டான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வான். திமிர் பிடித்த பையன் என்று அருணாசலம் முடிவுகட்டியிருந்தார்.

அடிவாரத்து ஊரில் பெரிய பையன்கள் நாலைந்து பேர் ஏறுவார்கள். அதே பள்ளியில் மேல்வகுப்பு. நோட்டையும் டப்பாவையும் எடுத்து அவன்மேல் போட்டுவிட்டு உட்காருவார்கள். மாதேஷ் போய்ப் பின்படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொள்வான். பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகிற ரோடு. விசிலடித்து உள்ளே கூப்பிட்டால் ஏறி வருவான், அடுத்த நிறுத்தத்தில் மறுபடி படிக்குப் போய்விடுவான். படியில் தொங்குகிற பையன்களை நான் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் பிடித்து, தலைமுடி பறக்க, முன்பக்கம் யாராவது தங்களைப் பார்க்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். இவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஆசைப்பட்டுத் தொங்குகிற பையன் எதற்குக் கண்ணை மூடுகிறான் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அவனுக்கு ஒரு அக்கா. பேர் செல்வி, பதினேழு வயது இருக்கும். தினமும் டார்ச் லைட்டோடு வந்து தம்பியை ஏற்றிவிட்டுப் போவாள். ஒரு நாள் அவனை ஏற்றிய பிறகு போகாமல் நின்றாள். நான் முன்கண்ணாடியில் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுற்றி வந்து என் பக்கத்தில் நின்று, "கண்டக்டரண்ணா, அவன் திமிரு புடிச்சவன் இல்லீங்க" என்றாள்.

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சீட்டுப் பிடித்து வைப்பது அந்தப் பெரிய பையன்களின் உத்தரவு. கடைசிப் படியில் நிற்பதும் உத்தரவு. ஒரு சீட்டு குறைந்தாலும், உள்ளே ஏறி நின்றாலும், பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போய் அடிப்பார்கள். மலைப் பேச்சு பேசிக் காட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். "தெனம் அவன் சட்டைக்குப் பட்டன் தெக்கிறேனுங்க. பட்டன் தானா தெனம் அறுந்து விழுவுமா?" என்று கேட்டாள்.

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏன் என்றேன்.

"நான் பத்தாவது படிக்கறப்ப இதே வண்டில ஒருத்தன் தெனம் பின்னாலயே வந்து அசிங்கமாப் பேசுவான். நான் வூட்ல சொன்னேன். மறுநாள்ல இருந்து என்னைய நிறுத்திட்டாங்க. அவன் படிச்சு முடிச்சுட்டான்."

அது நான் அந்த வழித்தடத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனாலும் எதை எடுத்துத் துடைக்கிறேன் என்றே தெரியாமல் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அடியை வாங்கிக்கொண்டால் பள்ளிக்கூடம் உண்டு. அடித்தார்கள் என்று சொன்னால் பள்ளிக்கூடம் கிடையாது. அவன் கணக்குப் போட்டுப் பார்த்து அடியை எடுத்துக்கொண்டிருக்கிறான். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பனிக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டேன். அடிவாரத்தில் டிக்கெட் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பின்படிக்கட்டுக்கு வந்து, அவனுக்கு ஒரு படி மேலே நின்றுகொள்வேன். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் கண்ணில் பட்டது. அந்தக் கும்பலில் நெட்டையான பையன் ஒருவன், படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். அவன் செருப்புக் கால், மாதேஷ் பிடித்திருந்த கம்பியின்மேல், அவன் விரல்களின்மேல் இருந்தது. பேசுகிறான், சிரிக்கிறான், கால் மட்டும் மெதுவாக அழுத்துகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மாதேஷ் கையை எடுத்தால் ரோட்டில் விழ வேண்டியதுதான். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, கண் மூடியிருந்தது.

நான் குனிந்து அந்தக் காலைத் தூக்கிக் கீழே வைத்தேன். நெட்டையன் நல்ல பிள்ளை மாதிரி எழுந்து நின்றான். தெரியாமல் பட்டுவிட்டது என்றான். விளையாட்டுக்கு என்றும் சொன்னான், இரண்டும் ஒரே மூச்சில். மாதேஷைப் பார்த்து, "டேய், நாமெல்லாம் ஃப்ரெண்டுதான, சொல்றா" என்றான். மாதேஷ் என்னைப் பார்க்காமல், "வெளாட்டுங்க" என்றான். அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அருணாசலத்திடம் இதைச் சொன்னேன். ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள் இதை மறைக்க முடியாது. பையனின் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். சரி என்றார். ஆனால் மலையில் தங்கும் நாளெல்லாம் எங்களுக்குக் களியும் குழம்பும் வருவது பையனின் அப்பா பெரியசாமி வீட்டிலிருந்துதான். காசு வாங்க மாட்டார். அவர் கையால் சாப்பிட்டுவிட்டு அவர் பிள்ளைக்கு நடப்பதை அவரிடமே மறைப்பது அருணாசலத்துக்குத் தொண்டையில் சிக்கியது. அந்த மலையில் அது பெரிய துரோகம். ஒரு சாயங்காலம் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நல்ல மனசோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மாதேஷ் வரவில்லை. டார்ச் வெளிச்சமும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பின்சீட்டெல்லாம் காலியாக இருந்தது. மூட்டையோடு ஏறிய பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்தார்கள், இன்றைக்குத்தான் வண்டி வண்டியாக இருக்கிறது என்று ஒரு அம்மா சந்தோஷப்பட்டாள். அடிவாரத்தில் அந்தப் பையன்கள் ஏறி, சீட்டைப் பார்த்து, படிக்கட்டைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேரையும் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். யூனிபார்ம் போட்டிருந்ததால் பேசாமல் இருந்தேன். அருணாசலம் அன்று கியர் போடும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. கீழே வந்து சேர்ந்ததும், "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பணி முடிந்ததும் சண்முகம் சார் அறைக்குப் போனேன். கண்ணாடி மேஜைக்கு வந்தது, கண் மூடியது. எங்கே நின்றேன் என்று அவர் கேட்கும் முன்பே, "பின்படிக்கட்டுல சார், பையனுக்கு ஒரு படி மேல" என்றேன். அன்று ஒருநாள்தான் அவர் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தார். செருப்பைச் சொன்னேன், எந்தக் கை, எந்தக் கம்பி என்று கேட்டார். சொன்னேன். பட்டன் விஷயத்தை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அது அந்தப் பையனும் அவன் அக்காவும் சொல்ல வேண்டியது, நான் சொன்னால் அது வெறும் பேச்சு என்றார். "நீ பாத்தது ஆரம்பிக்கறதுக்குப் போதும். முடிக்கறதுக்குப் பையன் வேணும்" என்றார்.

பிறகு என் முன்னாலேயே பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்குப் போன் செய்தார். பையன்களின் பேரைச் சொல்லாமல், வண்டியில் ஒரு மாணவனின் உயிருக்கு ஆபத்தான காரியம் நடந்திருக்கிறது, பார்த்த ஆள் நேரில் வருவார் என்று மெல்லிய குரலில் சொன்னார். மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் அலுவலகத்துக்கும் தானே தெரிவிப்பதாகச் சொன்னார். நான் கிளம்பும்போது, "ஸ்டேஷன் வாசலுக்கு வண்டிய வுட்டுராத. முதல்ல பையன வண்டில ஏத்து. அவன் வூட்ல ஒக்காந்திருக்கறப்ப நாம என்ன செஞ்சாலும் அந்தப் பசங்க ஜெயிச்ச மாதிரிதான்" என்றார்.

அன்று சாயங்காலம் மேலே போனதும் நானும் அருணாசலமும் பெரியசாமி வீட்டுக்குப் போனோம். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மலை முழுக்கப் பனி இறங்கி, எதிரில் இருந்த மரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார். கோபம் இல்லை, முடிவு செய்துவிட்ட ஆளின் நிதானம் இருந்தது. "புள்ள உசுரோட இருந்தாப் போதுங்க. படிப்பு என்ன பெரிய படிப்பு" என்றார். தப்பு செய்தவன் பள்ளிக்கூடம் போகிறான், அடி வாங்கினவன் வீட்டில் இருக்கிறான், இது சரியா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவங்க ஊரு ரோட்டு மேல இருக்குதுங்க. நாங்க எதுக்குன்னாலும் அவங்க ஊரத் தாண்டித்தான் எறங்கணும்." அவர் சொன்னது உண்மை.

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை.

"அப்பா, கண்டக்டரண்ணன்கிட்டச் சொன்னது நான்தான். இவன் ஏன் உங்ககிட்டச் சொல்லலன்னு தெரியுமா? என்னையப் பாத்துத்தான். எவனோ ஒருத்தன் தப்பாப் பேசுனான், நான் வந்து சொன்னேன். பேசுனவன் படிச்சான். சொன்ன எனக்கு நீங்க தண்டன குடுத்துட்டீங்க."

பெரியசாமியின் கையில் முறம் நின்றுவிட்டது. ஒரு கோழி வந்து அவர் காலடியில் சிந்தியிருந்த சாமையைக் கொத்தியது, அவர் விரட்டவில்லை. தண்டனை என்ற சொல் அவருக்குப் புதிது என்று முகத்திலேயே தெரிந்தது. மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அவர் அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். சுவரோரம் குந்தியிருந்த மாதேஷைப் பார்த்து, "நெசமாடா?" என்றார். அவன் தலையை ஆட்டினான். எத்தனை நாளாக என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என்றான். பெரியசாமி முறத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்களும் வண்டிக்குத் திரும்பினோம். அன்றும் எங்களுக்குக் களி வந்தது, செல்விதான் கொண்டுவந்தாள்.

விடியலில் பனிக்குள்ளிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. பெரியசாமி வெள்ளைச் சட்டை போட்டு வந்தார், கூடவே மாதேஷ். இரண்டு பேரும் வண்டியின் நடுவில் உட்கார்ந்தார்கள். எந்தச் சீட்டிலும் நோட்டு இல்லை. வண்டி இறங்க இறங்க அப்பாவின் தலையும் மகனின் தலையும் மற்ற தலைகளோடு சேர்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. அடிவாரத்தில் அந்தப் பையன்கள் ஏறி, அவர்களைப் பார்த்ததும் சத்தமில்லாமல் நின்றுகொண்டார்கள்.

தலைமையாசிரியை அம்மா விசாரித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் மாதேஷை மட்டும் உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொரு ஆசிரியையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கதவு திறந்திருந்தது, வராந்தாவில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டார். நடுவில் அவர் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை. பையன் மெதுவாக, தூக்கத்தில் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனான். சீட்டு, படிக்கட்டு, சுவருக்குப் பின்னால், பட்டன், மலைப் பேச்சு. பெரியசாமி வராந்தாவின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் கை இறுகியது. மகன் பேசி முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார், அதைத் துடைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார். நின்ற இடத்தையும் பார்த்ததையும் மட்டும் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பையன்களை ஒவ்வொருவனாகத் தனித்தனியே அழைத்தார், ஒருவன் சொன்னது இன்னொருவனுக்குத் தெரியாதபடி. கும்பலாக இருக்கும்போது விளையாட்டு என்றவர்கள் தனியாக வந்ததும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களில் சின்னவன் ஒருவன், போன வருஷம் அந்தப் படியில் தன்னைத்தான் நிற்க வைத்தார்கள் என்று சொல்லி விம்மியதாக அப்புறம் அறிந்தேன். பெற்றோர் வந்தார்கள். பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா பல தடவை வந்து எல்லாப் பையன்களிடமும் பேசினார். நெட்டையனின் அப்பா ஒரு காலையில் அடிவாரத்தில் வண்டியை மறித்து என்னிடம் சத்தம் போட்டார். மறுநாள் அதே இடத்தில் சண்முகம் சார் ஏறினார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின்படிக்கட்டில் கையைக் கட்டி நின்றபடி பள்ளிக்கூடம் வரை வந்தார். அதற்குமேல் யாரும் வண்டியை மறிக்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன் பிரபு. மாதேஷ் ரொம்ப நாள் யாரோடும் பேசாமல் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். ஒருநாள் தூங்கிப்போய்ப் பக்கத்திலிருந்த அம்மாவின் புளி மூட்டைமேல் சாய்ந்துவிட்டான். அந்த அம்மா அவனைத் திட்டுகிறவர்களில் முதல் ஆள். அவன் தலை நழுவாமல் மூட்டையைச் சரிசெய்து வைத்துக்கொண்டாள். எனக்கு அன்றுதான் மூச்சு சீராக வந்தது. நீ என்னிடம் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல், தாராளமாகச் சொல். சொன்ன பிள்ளை மறுநாளும் உன் வண்டியில் ஏறுகிறதா என்று பார். ஏறவில்லை என்றால் உன் வேலை முடியவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மலையில் வழக்கத்தைவிடப் பனி அதிகம். அருணாசலம் என்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பெரியசாமி வந்தார், அவருக்குப் பின்னால் மாதேஷ் வந்தான். மாதேஷுக்குப் பின்னால் இன்னொரு ஆள் பையோடு வருவது தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் அது செல்வி என்று கண்டுகொண்டேன். சீருடை போட்டிருந்தாள், புதுத் துணியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. தலைமையாசிரியை அம்மாவிடம் பேசி, பத்தாம் வகுப்பில் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு. இனி வீட்டுப்பாடத்துக்கு யார் யாரைப் பார்த்து எழுதப்போகிறார்கள் என்று மாதேஷைக் கிண்டல் செய்தேன். அவன் சிரித்தான்.

அவள் முன்படியில் ஏறினாள். பெரியசாமி கீழே நின்றபடி என்னிடம், "ரெண்டு பேரும் வர்றாங்க. சித்த பாத்துக்கங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் செல்வி திரும்பினாள். "அவரு பாக்க வேணாம்ப்பா. எதாச்சும்னா நானே வந்து உங்ககிட்டச் சொல்லுவேன்."

பெரியசாமி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "என்னப்பா?" என்று அவள் ஒரு படி இறங்கினாள். அருணாசலம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவர் தலையை நிமிர்த்தி, வண்டி முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னார்.

"சொல்லும்மா. சொன்னா நிறுத்த மாட்டேன்."